இழுத்தாலும் குலையாத சதுரம்

(கணித ஆசிரியர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முப்பத்தொரு ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவன் நான். கடைசிப் பதினைந்து ஆண்டுகள் பணியிடைப் பயிற்சிகளில் கருத்தாளராகவும் இருந்தேன். என்ன தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்று அமைப்பாளர்கள் கேட்டபோது, "கட்டற்ற கணித மென்பொருளும் ஆசிரியர் பயிற்சியும்" என்று எழுதிக் கொடுத்தேன். இந்த இரண்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது பின்னதுதான். மென்பொருள் பத்து நிமிடத்தில் கணினியில் ஏறிவிடும். அது ஓர் ஆசிரியரின் கைப்பழக்கமாகி, அவர் வகுப்புக்குள் போய், பக்கத்துப் பள்ளி ஆசிரியரையும் எட்டுவதற்குப் பல ஆண்டுகள் பிடிக்கும். அந்த நெடிய வேலையைக் கேரளம் பொறுமையாகச் செய்திருக்கிறது. அதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம். இடுக்கி மாவட்ட மலைப்பகுதியில் தமிழ்வழிப் பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த விடுமுறைக்காலப் பயிற்சியைப் பார்க்க நண்பர் ஒருவர் என்னை அழைத்துப் போனார். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகள் அந்தப் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்காகக் கேரள அரசு பாடநூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. வெளியே மழை. ஆய்வகத்தில் இருபது கணினிகள், முப்பது ஆசிரியர்கள். எனக்கு முன்னால் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். மௌஸைப் பிடித்த விரல்களில் இன்னும் தயக்கம் இருந்தது. பயிற்சி நடத்தியவர் அவரைவிட இருபது வயது இளையவர், பக்கத்துப் பள்ளியில் கணக்கு நடத்துகிறவர்.

திரையில் ஒரு முக்கோணம். மூன்று பக்கங்களுக்கும் மையக்குத்துக்கோடுகள். அவை சந்திக்கும் இடத்தில் சுற்றுவட்ட மையம், அதிலிருந்து வரைந்த சுற்றுவட்டம். "டீச்சர், மேல இருக்கிற அந்தப் புள்ளியைப் பிடிச்சு மெதுவா இழுங்க" என்றார் இளைஞர். டீச்சர் இழுத்தார். முக்கோணம் குறுங்கோணமாக இருந்தவரை மையம் உள்ளேயே நகர்ந்தது. கோணம் விரிய விரியப் பக்கத்தை நோக்கி வந்தது. சரியாகச் செங்கோணம் ஆனபோது கர்ணத்தின் நடுப்புள்ளியில் போய் உட்கார்ந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்ததும் கர்ணமாக இருந்த பக்கத்தைத் தாண்டி முக்கோணத்துக்கு வெளியே போய்விட்டது. மூன்று கோடுகளும் ஒரு கணம்கூடப் பிரியவில்லை. டீச்சர் புள்ளியைத் திரும்ப உள்ளே கொண்டு வந்தார், மறுபடி வெளியே கொண்டு போனார். நாலைந்து முறை. பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "இருபத்தாறு வருஷமா இதுக்கு மூணு படம் தனித்தனியா வரைஞ்சு நடத்துறேன். மூணும் ஒரே படம்தானா?"

அந்தக் கேள்வியை நான் மறக்கவில்லை. நானும் மூன்று படம் வரைந்தவன்தான். குறுங்கோணத்துக்கு ஒன்று, செங்கோணத்துக்கு ஒன்று, விரிகோணத்துக்கு ஒன்று. கரும்பலகையில் படம் நகராது. ஆகவே நம் மாணவர்கள் ஒரு தேற்றத்தை மூன்று தனிச் செய்திகளாக மனப்பாடம் செய்தார்கள். நாமும் அதைத்தான் நம் ஆசிரியர்களிடமிருந்து வாங்கிக்கொண்டோம்.

அந்தத் திரையில் ஓடிய மென்பொருள் ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோஹென்வார்ட்டர் என்ற மாணவர் 2001-ல் தம் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கியது. வடிவியல், இயற்கணிதம் ஆகிய இரண்டுக்குமான ஆங்கிலச் சொற்களை ஒட்டிச் செய்த பெயர். இழுத்துப் பார்க்கும் வடிவியல் அதற்கு முன்பே இருந்தது. பிரான்சின் கிரனோபிளில் உருவான காப்ரி, அமெரிக்காவில் 1991-ல் வந்த ஜியோமீட்டர்ஸ் ஸ்கெட்ச்பேட் ஆகியவை அருமையான கருவிகள். ஆனால் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். ஹோஹென்வார்ட்டர் இரண்டு காரியம் செய்தார். ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் அதன் சமன்பாடு என்று இரண்டையும் ஒரே திரையில் இணைத்தார். ஒன்றைத் தொட்டால் மற்றதும் மாறும். பிறகு அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 2002-ல் ஐரோப்பியக் கல்வி மென்பொருள் விருது கிடைத்தது.

அதோடு அவர் நின்றிருந்தால் நல்ல ஆய்வேடு ஒன்று நூலகத்தில் இருந்திருக்கும். 2006-ல் அவர் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஒன்றில் வேலை செய்தார். தம் கருவியோடு ஆசிரியர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். அந்த அனுபவத்தையொட்டி அடுத்த ஓரிரு ஆண்டுகளில் பன்னாட்டு ஜியோஜீப்ரா நிறுவனம் என்ற அமைப்பு பிறந்தது. பல நாட்டுப் பல்கலைக்கழகங்களில் அதன் கிளைகள் தோன்றின. கிளைகளின் முதல் வேலையே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருவதும் பாடப்பொருள் ஆக்குவதும்தான். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் இன்று ஜியோஜீப்ரா கிடைக்கிறது என்றால், அந்த மொழிபெயர்ப்புகளில் பெரும்பங்கு ஆர்வலர்களின் உழைப்பு.

இனி கேரளத்துக்கு வருகிறேன். இஸ்ரோவின் தலைவராக இருந்த பேராசிரியர் யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரையையொட்டி, 2001-ல் 'ஐடி அட் ஸ்கூல்' என்ற திட்டத்தைக் கேரளக் கல்வித்துறை தொடங்கியது. 2005-ல் தகவல் தொழில்நுட்பம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுப் பாடமாகவே ஆகிவிட்டது. தொடக்கத்தில் எல்லா இடத்திலும் போலவே அங்கேயும் ஒரு தனியார் நிறுவனத்தின் இயங்குதளம்தான் பாடத்தில் இருந்தது. அரசுப் பள்ளி எதற்காக ஒரு கம்பெனியின் பொருளை மட்டும் பிள்ளைகளுக்குப் பழக்க வேண்டும் என்று ஆசிரியர் சங்கத்தாரும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் கேட்டார்கள். இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-ல் தொடங்கப்பட்டதே திருவனந்தபுரத்தில்தான். அடுத்த சில ஆண்டுகளில் பள்ளிகள் படிப்படியாகக் குனு லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. முதலில் அதன் டெபியன் பதிப்பையும் பிறகு உபுண்டு பதிப்பையும் அடிப்படையாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே ஓர் இயங்குதளம் தயாரித்தார்கள். ஜியோஜீப்ராவும் அதில் சேர்ந்தது. இணைய இணைப்பு இல்லாத மலைப்பள்ளியிலும் கணினியைப் போட்டவுடன் அது இருக்கும்.

இதுவரை சொன்னது அரசாணையால் நடக்கக்கூடியது. இதற்குப் பிறகு நடந்தது அரசாணையால் மட்டும் நடக்காது.

பெரிய அளவில் பயிற்சி நடத்தியவர்களுக்கு ஒரு வேதனை தெரியும். மாநிலக் கருத்தாளருக்கு ஐந்து நாள் பயிற்சி. அவர் மாவட்டக் கருத்தாளருக்கு மூன்று நாள் தருவார். அவர் வட்டார வள மையத்தில் இரண்டு நாள். ஆசிரியருக்கு வந்து சேரும்போது ஒரு நாள், அதிலும் மதியத்துக்கு மேல் வருகைப் பதிவேடும் பயணப்படியும். மதகு திறந்த இடத்தில் வெள்ளம், கடைமடையில் வறண்ட வாய்க்கால். நான் அந்த வாய்க்காலின் எல்லாக் கண்களிலும் நின்று பார்த்தவன். கற்றுக்கொடுத்தவர் மேல் தவறில்லை, கற்க வந்தவர் மேலும் தவறில்லை. திங்கட்கிழமை வகுப்பில் கருவி சண்டித்தனம் செய்யும்போது கேட்பதற்கு ஆள் இல்லை. அந்த ஒன்றுதான் குறை.

கேரளம் அந்த ஆளை ஏற்பாடு செய்தது. மாவட்டந்தோறும் 'மாஸ்டர் டிரெய்னர்' என்று அழைக்கப்படும் பயிற்றுநர்கள். இவர்கள் கம்பெனியிலிருந்து வந்தவர்கள் அல்லர், பள்ளி ஆசிரியர்கள். கணக்கும் மொழியும் அறிவியலும் நடத்தியவர்கள். பள்ளிதோறும் ஓர் ஐடி ஒருங்கிணைப்பாளர். அவரும் அதே பள்ளியின் பாட ஆசிரியர்தான். வகுப்பில் ஏதாவது சிக்கினால் முதலில் அடுத்த அறையில் இருக்கும் இவரைக் கூப்பிடலாம். இவரால் முடியாவிட்டால் மாஸ்டர் டிரெய்னருக்கு ஒரு போன். அவர் பள்ளிக்கே வருவார். விடுமுறைப் பயிற்சி ஆண்டுதோறும் வரும். ஒரு முறை வந்து போய்விடும் பயிற்சியாக அது இருக்கவில்லை.

இதைவிட ஆழமான இன்னொரு முடிவும் உண்டு. உயர்நிலைப் பள்ளிகளில் ஐடி பாடத்துக்கென்று தனி ஆசிரியர் பணியிடம் அவர்கள் உருவாக்கவில்லை. அந்தப் பாடத்தைக் கணக்கு, அறிவியல், மொழி ஆசிரியர்களே நடத்த வேண்டும். வேலைச்சுமை என்று அப்போது முணுமுணுப்பு இருந்திருக்கும். இருந்திருந்தால் அதில் நியாயமும் உண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். கணினி யாரோ ஒருவருடைய துறை என்று ஒதுங்க எந்தப் பாட ஆசிரியருக்கும் இடம் இல்லாமல் போயிற்று. ஐடி பாடநூலிலேயே ஜியோஜீப்ரா பாடங்களை வைத்தார்கள். ஆய்வகத்தில் அதைத் தொட்டுப் பார்த்த பிள்ளை கணக்கு வகுப்புக்கு வந்து, "இதை அதுல இழுத்துப் பார்க்கலாமா டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்கு முன்னால் எந்தக் கணக்கு ஆசிரியரும் கற்காமல் தப்ப முடியாது. மேலிருந்து வந்த சுற்றறிக்கையால் ஆகாததை வகுப்பிலிருந்து வந்த கேள்வி செய்யும்.

2017-ல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018 தொடங்கி 4,752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் போயின. 'லிட்டில் கைட்ஸ்' என்று மாணவர் குழுக்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் அமைந்தன. இந்த எண்களைத்தான் பத்திரிகைகள் எழுதும். உரிமக் கட்டணத்தில் ரூ.3,000 கோடி மிச்சமானதாகவும் 2019-ல் கைட் கணக்குச் சொன்னது. நான் அந்தத் தொகையைவிட, அந்த மழைநாளில் புள்ளியை இழுத்த டீச்சரையே பெரிதாக நினைக்கிறேன். மிச்சப்பட்ட பணம் அவர் வரை வந்து சேர்ந்ததால்தான் அது மிச்சம்.

அந்தப் பயிற்சியில் மதியம் நடந்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "எல்லாரும் ஒரு சதுரம் வரையுங்க" என்றார் பயிற்றுநர். இரண்டு நிமிடத்தில் முப்பது பேரும் வரைந்துவிட்டார்கள். கட்டங்களைப் பார்த்துக் கண்ணளவில் நாலு புள்ளி வைத்து இணைத்திருந்தார்கள். பார்க்க அச்சுப்போல் சதுரம். "இப்ப ஏதாவது ஒரு மூலையைப் பிடிச்சு இழுங்க." இழுத்தார்கள். சதுரம் சாய்ந்து, நசுங்கி, பட்டம் மாதிரி ஆகிவிட்டது. அறை முழுக்கச் சிரிப்பு. அதன் பிறகு ஒரு மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு கோட்டுத்துண்டு, அதன் இரு முனையிலும் செங்குத்துக் கோடு, ஒரு முனையை மையமாக வைத்து மறு முனை வழியே ஒரு வட்டம், வட்டம் செங்குத்தை வெட்டும் இடத்தில் மூன்றாவது மூலை, அங்கிருந்து இணைகோடு. இப்போது எந்த முனையை இழுத்தாலும் சதுரம் பெரிதாகிறது, திரும்புகிறது, சதுரமாகவே இருக்கிறது.

படம் வரைவதற்கும் அமைப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நான் கவராயத்தையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் விளக்கியிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்க வந்ததில்லை. சதுரம் என்றால் நாலு பக்கமும் சமம், நாலு கோணமும் செங்கோணம் என்று ஒப்பிக்கிற பிள்ளைக்கு அந்த வரையறை எதற்கு என்று தெரியாது. சதுரம் கையில் குலைந்தபோது அது எதற்கு என்று தெரிந்துவிடுகிறது. நல்ல பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அன்றே பார்த்தேன். மெனுவில் எந்த ஐகான் எங்கே என்று அந்த இளைஞர் ஒரு சொல் சொல்லவில்லை. சதுரம் வேண்டும் என்ற தேவை அவர்களை ஐகானைத் தேடவைத்தது.

'கட்டற்ற' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கட்டணம் இல்லாதது என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கட்டணமில்லாதது வேறு, கட்டில்லாதது வேறு. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல் குனு திட்டத்தை அறிவித்துத் தொடங்கிய இயக்கம் நான்கு உரிமைகளைக் கேட்கிறது. எதற்கும் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து படித்து மாற்றலாம், படியெடுத்துக் கொடுக்கலாம், மாற்றியதையும் கொடுக்கலாம். இவற்றில் ஆசிரியருக்கு உயிரானது மூன்றாவது. "சார், இதை எங்க வீட்டு கம்ப்யூட்டர்ல போட்டுத் தருவீங்களா?" என்று ஒரு மாணவி கேட்டால், திருட்டுப் பிரதி கொடுக்கிறோமோ என்ற உறுத்தல் இல்லாமல் "பென்டிரைவைக் கொண்டா" என்று சொல்லலாம். ஆசிரியர் தொழிலே கொடுப்பதுதானே.

எனக்கு நேர்ந்த ஒன்று. நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கு ஒரு நிறுவனம் கணித மென்பொருள் ஒன்றை நன்கொடையாகத் தந்தது. நல்ல மனத்தோடுதான் தந்தார்கள். நான் இரவில் உட்கார்ந்து நாற்பது கோப்புகள் செய்தேன். வட்டத்தின் தொடுகோடுகள், ஒத்த முக்கோணங்கள், இருபடிச் சமன்பாட்டின் வளைவரை என்று பத்தாம் வகுப்புக்கு வேண்டியவை எல்லாம். மூன்றாம் ஆண்டு முடிவில் உரிமம் காலாவதி ஆயிற்று. புதுப்பிக்கப் பள்ளியிடம் பணம் இல்லை. ஒரு காலையில் என் நாற்பது கோப்பும் திறக்கவில்லை. என் உழைப்பு இன்னொருவர் பூட்டுக்குள் இருந்தது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இதே கவலையை ஜியோஜீப்ரா மேலும் வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை. அதன் மூல நிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளிவந்தது. ஆனால் நிறுவும் தொகுப்பும் மொழிக் கோப்புகளும் வணிகமல்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வந்தன. 2021 டிசம்பரில் பைஜூஸ் என்ற இணையவழிக் கல்வி நிறுவனம் ஜியோஜீப்ராவை வாங்கியது. 2024-ல் அந்த பைஜூஸே திவால் நடவடிக்கைக்குள் போனது. கோடிக்கணக்கான பிள்ளைகள் பயன்படுத்தும் ஒரு கருவியின் மேல் இப்படி ஒரு நிழல் விழுந்தால் ஆசிரியர் என்ன செய்வது? நிரலின் பிரதி நம் கணினியிலேயே இருக்க வேண்டும். ஒரே கருவியை நம்பாமல், கேடிஇ திட்டத்தின் கிக், விரிதாளுக்கு லிபர் ஆபீஸ், மேல்நிலை வகுப்பில் மாக்ஸிமா என்று இரண்டாவது கருவி ஒன்றையும் தொட்டு வைத்திருக்க வேண்டும். இழுத்துப் பார்த்துக் கற்பிக்கும் பழக்கம் ஆசிரியரிடம் இருந்தால் கருவி மாறினாலும் அவர் நிற்க மாட்டார்.

நம் தமிழ்நாட்டுப் பக்கம் என்ன இருக்கிறது? குறைவாக இல்லை. 2018 முதல் வந்த நம் புதிய பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்ற பகுதியைப் பார்த்திருப்பீர்கள். கணக்குப் புத்தகத்தில் அந்தக் கியூஆர் குறியீட்டைத் தொட்டால் பெரும்பாலும் ஜியோஜீப்ரா பயிற்சித்தாள்தான் திறக்கும். நம் ஆசிரியர்கள் ஆக்கியவை அவை. உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. மும்பை ஐஐடியின் 'ஸ்போக்கன் டுடோரியல்' திட்டத்தில் பத்து நிமிட அளவிலான பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் ஏற்றித் தந்தார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. காரணம், எனக்கே அப்போது திறக்கத் தெரியாது. கருவி மாணவன் மடிவரை வந்துவிட்டது, ஆசிரியனைத் தொடாமல் வந்தது. அதனால் அந்த ஆண்டு அது பயன்படவில்லை. அந்தக் குறையை என் மேல் வைத்துத்தான் சொல்கிறேன்.

நான் கேட்டவரையில், நம் பாடநூலின் இணையச் செயல்பாட்டை எத்தனை ஆசிரியர்கள் திறந்திருக்கிறார்கள் என்று பார்த்தால் வருத்தப்பட வேண்டியிருக்கிறது. நேரமில்லை என்கிறார்கள். கல்வித்துறையின் எமிஸ் இணையப் பதிவும் தேர்வுகளும் அவர்களை எப்படிப் பிழிகின்றன என்பது எனக்குத் தெரியும். ஆய்வகம் தேர்வுக்குப் போக மீதி நேரம் பூட்டியிருப்பதையும் சில பள்ளிகளில் பார்த்தேன். இதற்கு இன்னொரு பெரிய பயிற்சி வேண்டாம். நமக்குக் குறுவள மையக் கூட்டம் இருக்கிறது, அதில் கணக்கு ஆசிரியர்கள் கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு மணி நேரத்தை ஒரே ஒரு தேற்றத்துக்குக் கொடுங்கள். வந்தவர்களில் ஒருவர் நடத்தட்டும். அடுத்த மாதம் இன்னொருவர். வட்டாரத்துக்கு இரண்டு பேரையாவது, வகுப்பிலிருந்து வந்தவர்களாக, 'கேட்டால் வருவார்' என்ற பொறுப்பில் வைக்கும்படி மாவட்ட அலுவலர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர்களுக்குப் பாடவேளையில் கொஞ்சம் விலக்குக் கொடுங்கள். கேரளத்தில் பலன் தந்தது இப்படிக் கேட்டால் வருகிற ஆள்தான்.

இந்த அரங்கில் நூறு கணக்கு ஆசிரியர்களாவது இருப்பீர்கள். வாசலில் உள்ள மேசையில் ஜியோஜீப்ராவின் இணையம் வேண்டாத பதிப்பையும், ஒன்பது, பத்தாம் வகுப்புக்கு நான் செய்த கோப்புகளையும் வைத்திருக்கிறேன். மூன்று மடிக்கணினிகள் இருக்கின்றன, உங்கள் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளலாம். கோப்புகளில் தவறு இருந்தால் திருத்துங்கள், திருத்தியதைப் பக்கத்துப் பள்ளிக்குக் கொடுங்கள். வரும் கோடை விடுமுறையில் உங்கள் ஊரில் ஐந்து பேர் சேர்ந்தால் எனக்குச் சொல்லுங்கள். பேருந்துக் கட்டணமும் வேண்டாம், நான் வருகிறேன். முதல் நாள் சதுரம் வரைவோம்.